ஐஸ் கம்பெனி மாடியில் ஜப்பான் பாட்டு

அந்த ஜப்பான் குழுவின் பாட்டை நான் முதலில் கேட்டது எங்கள் கடையில் வைத்து. வண்ணாரப்பேட்டையில் எங்களுக்கு ஜவுளி மொத்த வியாபாரம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் கூட்டம் இருக்காது. அப்பா கல்லாவுக்குப் பின்னால் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிடுவார். நான் நைட்டிக் கட்டுகளைப் பிரித்து அளவுவாரியாக அடுக்கிக்கொண்டே போனில் ஏதாவது கிடார் இசையை ஓடவிட்டிருப்பேன். அன்று ஒன்று முடிந்து, தானாகவே அடுத்தது வந்தது.

இரண்டு கிடார்கள் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. டிரம்ஸ் அவற்றை விலக்கிவிடுவதுபோல் நடுவில் புகுந்தது. பிறகு ஒரு பெண்குரல். பயிற்சி பெற்ற குரல் இல்லை. மாடியிலிருந்து தெருவில் போகும் தோழியைக் கூப்பிடுகிறவளின் குரல். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் எக்ஸ்எல் சைஸ் நைட்டி ஒன்றைக் கையில் பிடித்தபடி பாட்டு முடியும்வரை நின்றுகொண்டிருந்தேன்.

அப்பா கண்ணைத் திறந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே இங்கே வந்துவிட்டவர், பேச்சை மட்டும் மாற்றிக்கொள்ளாதவர். “என்னல இது, தகர டப்பாவ மாடிப்படியில உருட்டிவிட்ட மாதிரி?” என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிப்போனார்.

பாட்டுக்குக் கீழே உலகத்து மொழிகளில் எல்லாம் ஆட்கள் எழுதியிருந்தார்கள். அதைப் படித்துத்தான் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். நாலு பேர் கொண்ட குழு. சில வருடங்கள்தான் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். நல்ல பேர் வந்துகொண்டிருந்த நேரத்தில் ஒருநாள் மேடையில் குனிந்து வணங்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வந்த பல குழுக்கள், நாங்கள் கிடாரைத் தொட்டதே இவர்களைக் கேட்டுத்தான் என்று சொல்கின்றன. ஏன் பிரிந்தார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அந்தக் குழுவின் பெயர் என் வாயில் ஒழுங்காக நுழைந்ததே இல்லை. என் நண்பன் முயற்சிகூடச் செய்யவில்லை. முதல் நாளே “நாலு பேரு” என்று பெயர் வைத்துவிட்டான். எங்களுக்கு அதுவே நிலைத்துவிட்டது.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். காசிமேட்டுக்காரன். ஏற்றுமதிக்கு வரும் புதுக் கார்களை எண்ணூர் துறைமுகத்தில் கப்பலுக்குள் ஓட்டிப்போய் நிறுத்துவது வேலை. விடுமுறை நாட்களில் டிரம்ஸ். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, சாவு ஊர்வலம் எதுவானாலும் போவான். நான் சர்ச்சில் கிடார் வாசிக்கிறவன். ஒரு கல்யாணத்தில் அவன் குழுவின் கிடார்காரர் வராமல் போக, என்னை இழுத்துவிட்டார்கள். அப்படித்தான் பழக்கம்.

பாட்டை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். தொடையில் தாளம் தட்டியபடி கேட்டான். முடிந்ததும், “இன்னா மாமு, சண்டையும் போட்டுகினு சிரிச்சிகினும் கீற மாரி கீது. சோக்கா கீது,” என்றான். பிறகு, “நாம வாசிக்கலாம். பாடறதுக்குத்தான் ஆளு வேணும். எங்க தெருல ஒரு பொண்ணு ஜப்பான் பாஷை படிச்சிகினு கீது,” என்றான்.

அவள் நர்ஸ். திருவொற்றியூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஜப்பான் போவதற்காக, டியூட்டி இல்லாத நாட்களில் பெரம்பூரில் ஒரு மாடியில் நடக்கும் வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். ஆகவே முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். நான் அவளைப் பார்த்தபோதே அவள் போய்க்கொண்டிருந்தாள்.

நண்பனின் சித்தப்பாவுக்கு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனி. அதன் மாடி அறையில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்தோம். கீழே ஐஸ் பாளங்கள் சரிவில் இறங்கி உடைபடும் சத்தம். மூக்கைக் குத்தும் அம்மோனியா வாடை. வெளியில் வெயில் கொளுத்தினாலும் அறைத் தரை ஜில்லென்று இருக்கும். சர்ச் முடிந்து வெள்ளைச் சட்டையோடு நான் போய்ச் சேரும்போது அவள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, போனைக் காதோடு வைத்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருப்பாள்.

வரிக்கு வரி அவள்தான் அர்த்தம் சொன்னாள். துள்ளித் துள்ளிப் போகும் ஒரு பாட்டு, எங்கள் மூவருக்கும் ரொம்பப் பிடித்தது, அதைக் காதல் கொண்டாட்டம் என்றே நான் நினைத்திருந்தேன். அவள் இரண்டு வாரம் அகராதியோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து சொன்னாள்.

“அவன் வூட்ட வுட்டு பூட்டான். இவ ஃபிரிட்ஜ தொறந்து பாக்கறா. அவன் வாங்கி வெச்ச முட்டை கீது. அங்க முட்டை டப்பாலயே தேதி போட்ருப்பாங்களாம். தேதி இன்னும் தாண்டல. அவ்ளோதான் பாட்டு.”

“அவ்ளோதானா?” என்றேன்.

“அவ்ளோதான். முட்டை கெட்டுப்போற வரைக்கும்கூட அவன் இல்லியாம்.”

நண்பன் குச்சிகளைக் கீழே வைத்தான். “இத்த போயி இம்மாம் குஷியா வாசிச்சிகினு கீறானுங்களேபா,” என்றான். மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் அதற்குப் பிறகு அதை வாசிக்கும்போது என் கை கொஞ்சம் மாறிப்போனது. அவள் பாடுவதும் மாறியது. குரலில் சோகத்தைச் சேர்க்கவில்லை. முன்பைவிடத் தெளிவாக, விளையாட்டுப்போலப் பாடினாள். அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்தக் குழு ஏன் பிரிந்தது என்று நாங்கள் ஓயாமல் பேசுவோம். எங்கேயோ ஒரு பழைய பேட்டியை அவள் தேடிப் படித்திருந்தாள். செய்ய நினைத்ததைச் செய்து முடித்துவிட்டோம் என்று மட்டும் சொல்லியிருந்தார்களாம். நண்பன் நம்பவில்லை. “டபாய்க்கிறானுங்க. ரெண்டு பேரு லவ் பண்ணி பிச்சிகினு பூட்டுருப்பானுங்க,” என்பான். அவள், “முடிஞ்சிச்சின்னா முடிஞ்சிச்சிதான். எல்லாத்துக்கும் சண்டை நடக்கணுமா?” என்பாள்.

ஆடி மாதம் அவர்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய நாள். சாயங்காலம் மேடைக் கச்சேரி. சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில் எங்களுக்கு ஒரு பாட்டு கொடுத்தார்கள். நண்பன் கெஞ்சி வாங்கியது. அவள் மஞ்சள் புடவை கட்டி, தலை நிறைய மல்லிகையோடு மைக்கின் முன்னால் நின்று அந்த முட்டைப் பாட்டை ஜப்பான் மொழியிலேயே பாட ஆரம்பித்தாள்.

கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ, “டேய், இன்னா பாஷைடா இது?” என்று கத்தினான். என் விரல்கள் வியர்வையில் வழுக்கின. அவள் நிறுத்தவில்லை. இரண்டாவது பகுதிக்கு முன்னால் கிடார் மட்டும் வரும் இடத்தில், நண்பன் திடீரென்று தாளத்தை மாற்றினான். ஜப்பான்காரர்கள் அடித்த அடியை விட்டுவிட்டு, எங்கள் பக்கத்துக் கானாவின் அடி. வேகம் அதே, மெட்டும் அதே. கூட்டத்துக்கு ஏதோ ஒன்று பிடிபட்டுவிட்டது. முதலில் மீன்காரப் பெண்கள் எழுந்தார்கள். பிறகு யார் யாரோ. விசில் காதைக் கிழித்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

இறங்கியதும் அவளுடைய அம்மா வந்து மகளுடைய கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். “இன்னாடி பாடன, சைனா பாட்டா? ஒன்னியும் புரியல. ஆனா மனச இன்னாமோ பண்ணிச்சி,” என்றார். என்னைப் பார்த்து, “நைனா, நீ சாப்ட்டியா?” என்றார்.

அதுதான் நாங்கள் மூவரும் ஏறிய முதல் மேடை. அதோடு சரி.

சில நாள் கழித்து திருவொற்றியூர் கடற்கரைச் சாலையில், அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களின் மேல் உட்கார்ந்திருந்தோம். துறைமுகத்துக்குள் இடம் கிடைக்கக் காத்திருக்கும் கப்பல்கள் தூரத்தில் வரிசையாக நின்றன. அவள் தேர்வில் தேறிவிட்டதாகச் சொன்னாள். நான் சந்தோஷம் என்றேன். பிறகு மனதில் இருந்ததைச் சொன்னேன்.

“எனக்கும் உன்ன புடிச்சிருக்கு,” என்றாள். “மேடையில திரும்பி பாத்தேனே, அப்பவே. ஆனா நான் போவாம நின்னுட்டன்னு வெச்சிக்கோ, கொஞ்ச நாள்ல எனக்கு உன்ன புடிக்காம பூடும். உன்னாலதான் நின்னேன்னு தோணிகினே இருக்கும். அது வேணாம்.”

“போவாதன்னு நான் சொல்லவே இல்லியே.”

“சொல்லல. அதான் இன்னும் கஷ்டமா கீது,” என்று சொல்லி என் தோளில் தலையைச் சாய்த்தாள். அவள் தலைமுடியில் மருத்துவமனை வாடை அடித்தது. நான் அங்கே போவதா, அவள் திரும்பி வருவதா என்பதை நாங்கள் முடிவு செய்யவில்லை. இரண்டில் ஒன்று நடக்கும் என்று இருவருமே நம்பினோம்.

அவள் மார்கழியில் புறப்பட்டாள். விமான நிலையத்துக்கு அவள் குடும்பத்தோடு நண்பனும் நானும் போனோம். பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும் முன் என்னிடம், “பாட்ட வுட்றாத,” என்றாள். நண்பனிடம், “அவன பாத்துக்கோ,” என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்ட பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பாள் என்று நண்பன் சொன்னான்.

தையிலேயே நான் பெரம்பூர் வகுப்பில் சேர்ந்தேன். அவள் ஏறி இறங்கிய அதே மாடிப்படி. அப்பா, “கடைய யாருல பாத்துக்கிடுவா?” என்று ஒருமுறை கேட்டார். பிறகு கேட்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் அந்த எழுத்துகளைப் போட்டுப் பார்க்கும்போது, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்ப்பார். “கோலம் மாதிரி இருக்கு,” என்பார்.

அங்கே சாயங்காலம் ஆகும் நேரம் இங்கே மதியம். கடையில் கூட்டம் இல்லாத அந்த நேரத்தில் அவள் கூப்பிடுவாள். பனியைக் காட்டினாள். அறையைக் காட்டினாள். தான் பார்த்துக்கொள்ளும் கிழவி ஒருத்தி தன்னை மகள் என்று நினைத்துக்கொண்டு திட்டுவதைச் சொல்லிச் சிரித்தாள். கோடை போனது. அழைப்புகள் குறைந்தன. வேலை அதிகம் என்றாள். உண்மையிலேயே அதிகம்தான். முகத்தில் தெரிந்தது. கூப்பிட்ட நாட்களில் ஒருவரையொருவர் விசாரித்துவிட்டு, அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டிருப்போம்.

ஒருநாள் ஒரு வீடியோ அனுப்பினாள். விடுமுறையில் வேறு ஊருக்குப் போயிருக்கிறாள். எங்கள் “நாலு பேரு” குழு முதன்முதலில் வாசித்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள். தெருவிலிருந்து படியிறங்கிப் போகும் நிலவறை. இப்போது அது காசு போட்டுத் துணி துவைக்கும் இடம். வரிசையாக இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவள் அவற்றின் நடுவில் கம்பளிக் கோட்டோடு நின்று, “இங்கதாம்பா! இங்கதான் நின்னு பாடனாங்களாம்!” என்கிறாள். பிறகு கையை மைக்போல் வைத்துக்கொண்டு முட்டைப் பாட்டின் இரண்டு வரியைப் பாடுகிறாள். பாடி முடித்ததும் கேமராவுக்குப் பின்னால் ஒருவர் சிரிக்கிறார். ஆண்குரல். அவள் அந்தச் சிரிப்பைப் பார்க்கிறாள். கேமராவை இல்லை, அதற்குச் சற்று மேலே. அன்று மேடையில் என்னைத் திரும்பிப் பார்த்த அதே முகம்.

அன்றைக்கே கூப்பிட்டேன். “வீடியோ யார் எடுத்தது?” என்றேன்.

அவள் பொய் சொல்லவில்லை. “கூட வேலை பாக்கறவரு. நேபாளம்.”

“அவரா?”

“ம்.” அதற்குப் பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். “நானே சொல்லணும்னுதான் இருந்தேன். எப்டி சொல்றதுன்னு தெர்ல. அந்த எடத்த பாத்ததும் உனக்கு காட்டணும்னு மட்டும்தான் தோணிச்சி. வேற ஒன்னும் யோசிக்கல.”

கல்லாமேல் கிடந்த பில் புத்தகத்தை நான் நேராக வைத்தேன்.

“உன் மேல ஒரு கொறையும் இல்லப்பா. வேலை முடிஞ்சி பனியில வெளிய வந்தா, கொடைய புடிச்சிகினு நிக்க ஒருத்தரு கீறாரு. நீ போன்ல கீற.”

“அவருக்கு அந்தப் பாட்டு தெரியுமா?” என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

“தெரியாது. நான்தான் பாடிக் காட்டனேன்,” என்றாள்.

கடையில் ஆள் வந்துவிட்டார்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆள் யாரும் வரவில்லை. நாற்காலியில் அப்பா கண்ணை மூடியபடியே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய் டீ வாங்கிவந்து என் முன்னால் வைத்தார். டீ வாங்க அவர் போனதே இல்லை. “குடில,” என்றார். எவ்வளவு கேட்டாரோ.

வகுப்பை நிறுத்தினேன். கிடாரை உறையில் போட்டுப் பரண்மேல் ஏற்றினேன். நண்பன் ஞாயிறுதோறும் வந்து வாசலில் பைக்கை நிறுத்தி ஹாரன் அடிப்பான். நான் போக மாட்டேன். ஒருநாள் உள்ளேயே வந்துவிட்டான். “மாமு, அவ மேல கோவமா கீது எனக்கு. உனக்கு கோவம் வர்லியா?” என்றான். வந்தால் நன்றாக இருந்திருக்கும். யார்மேல் கோபப்படுவது? அவள் போகப்போகிறாள் என்று முதல் நாளே சொன்னாள். போனாள். அங்கே குளிர்ந்தது.

அடுத்த வருடம், ஒரு தையல் யூனிட்டில் சரக்கு பார்க்கக் கொருக்குப்பேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரயில்வே கேட் போட்டிருந்தது. சரக்கு வண்டி ஒன்று முடிவே இல்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. கேட்டுக்கு முன்னால் ஒரு சாவு ஊர்வலமும் நின்றது. பூவால் மூடிய வண்டி, வயதான ஓர் அம்மாவின் படம், பேண்ட் செட். நின்ற இடத்திலேயே அடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பைக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். டிரம்பெட்காரர் மூச்சை இழுத்துப் புதிதாக ஒன்றை எடுத்தார்.

இரண்டு கிடார்கள் ஒன்றையொன்று முந்தும் அந்த மெட்டு, ஒற்றை டிரம்பெட்டில். அடி கானா அடி. யாரும் திகைக்கவில்லை. பழகிய பாட்டுக்கு ஆடுவதுபோல் ஆடினார்கள். கூட்டத்துக்கு நடுவில், கழுத்தில் டிரம்மை மாட்டிக்கொண்டு வியர்வை வழிய அடித்துக்கொண்டிருந்தவன் என் நண்பன்.

வீடியோ வந்த அன்று அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை. அந்தக் கேட்டில் நின்று அழுதேன். சத்தமாக, தோள் குலுங்க. சுற்றிலும் அழுதுகொண்டிருந்தவர்கள் நடுவில் என்னை யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் என் முதுகில் கைவைத்தார். “உனக்கு அவங்க இன்னா வேணும் நைனா?” என்றார்.

“தெரிஞ்சவங்க,” என்றேன்.

“தங்கமான மனுஷி. அழு. அழுதுடு,” என்றார். கேட் திறந்ததும் பைக்கை ஓரமாகப் போட்டுவிட்டு, முன்பின் தெரியாத அந்த அம்மாவின் பின்னால் சுடுகாடுவரை நடந்தேன்.

எல்லாம் முடிந்து வெளியே டீக்கடையில் நண்பன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். “நான்தான் டிரம்பெட்காரனுக்கு அந்த டியூன சொல்லிக் குடுத்தேன். இப்ப எல்லா செட்டும் வாசிக்கிறானுங்க. எங்கேர்ந்து வந்ததுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது.” டீயை ஊதினான். “நீ அழுதத பாத்தேன் மாமு. கைய நிறுத்த முடியல, இல்லன்னா வந்துருப்பேன்.”

போன மாதம் ஒரு காலையில் வஞ்சிரம் வாங்க காசிமேட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா உட்காரும் வரிசையைத் தவிர்த்துத்தான் போவேன். அன்று அவர் வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் பார்ப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

“நைனா, நல்லா கீறியா? எளச்சி பூட்டியே.”

“நல்லா இருக்கேம்மா.”

“அதுக்கு கல்யாணம் ஆயிடிச்சி. ரிஜிஸ்தர் ஆபீஸ்லயே கையெழுத்து போட்டுகினாங்க. போன்ல காட்டிச்சி.” என் முகத்தைப் பார்க்காமல் மீன்மேல் தண்ணீர் தெளித்தார். “மாப்ள நல்லா கீறாரு. தமிழ்தான் வர்ல. நான் இன்னா பேசனாலும் தலைய தலைய ஆட்றாரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“போவாதடின்னு நான் ஒரு வார்த்த சொல்லி இருந்தா நின்னுருப்பா நைனா. எனக்கு தெரியும். அதான் சொல்லல.”

கூடையின் அடியிலிருந்து ஒரு முழு வஞ்சிரத்தைத் தேடி எடுத்து, செவுளைத் திறந்து சிவப்பாக இருப்பதை எனக்குக் காட்டினார்.

“துண்டு போடவா, முழுசா எடுத்துகினு போறியா?” என்றார்.

“துண்டு போட்ருங்கம்மா,” என்றேன். அவர் கத்தியை எடுத்தார். நான் அவருக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டேன்.